வினாவும் விடையும் ஈட்டிய நற்பெயர்

புகழை வேண்டாத மாந்தர் உலகில் அரியர். கல்லூரியிற் பயிலும் எம்மனோர்க்கோ அவ்வேட்கை சற்று மிகுதி. தேர்வில் முதலிடம், சொற்போரிற் பரிசு, விளையாட்டிற் கேடயம், ஆண்டு மலரில் அச்சேறிய பெயர் என்று அதனை நாடும் வழிகளும் பல. இவ்வழிகளைக் குறை கூறுதல் எமது கருத்தன்று. ஆயின், பெயர் வெளிப்படுதல் வேறு. நற்பெயர் பெறுதல் வேறு. முன்னது ஒரே நாளில் நிகழக்கூடும். பின்னது பன்னாள் உழைப்பின்றி நிகழாது. செல்வமும் பட்டமும் பெரியோர் துணையும் இல்லாத ஒருவர், தம்மை நேரிற் கண்டறியாத கற்றோரிடையே நற்பெயர் பெறுதல் எங்ஙனம்? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

தமிழர்க்கு இப்பொருள் புதியதன்று. நூல் யாத்தவர் அதனைக் கற்றோர் அவையில் அரங்கேற்றி, ஆங்கு எழும் தடைகளுக்கு விடை கூறுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட முறை. திருவள்ளுவர் அவை அறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவை அஞ்சாமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தமை யாவரும் அறிந்ததே. எனினும், அவைக்கு நேரிற் செல்ல இயலாதவர் என் செய்வர்? தொலைவிலுள்ள சிற்றூரில் வாழ்வோரும், வழிச்செலவுக்குப் பொருளில்லாதோரும், அவையோரால் அழைக்கப்படாதோரும் தம் திறமையை எவ்விடத்துக் காட்டுவர்? அன்னோர்க்கு அச்சுப்பொறி ஓர் அவையை அமைத்துத் தந்தது. பத்திரிகைகளில் அமைந்த வினா–விடைப் பக்கமே அவ்வவை. அதில் ஒருவர் வினா விடுப்பர். முன்பின் அறியாத மற்றொருவர் விடை விடுப்பர். படிப்போர் அனைவரும் நடுவராயிருந்து நோக்குவர். இவ்வவையில் ஏறிப் பெயர் பெற்ற மூவர் வரலாற்றைக் கூறி, அவர்பால் நாம் கற்கத் தக்கவற்றை ஒருவாறு விளக்குவாம்.

1704-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ‘லேடீஸ் டயரி’ என்னும் பெயரால் ஒரு பஞ்சாங்கம் வெளிவரத் தொடங்கிற்று. கவென்ட்ரி நகரத்துப் பள்ளியாசிரியராகிய ஜான் டிப்பர் என்பவர் அதனைத் தொடங்கினார். அது மாதர்க்கென அமைந்தது. நாளும் கோளும் கூறுவதோடு சில விடுகதைகளையும் கணக்குகளையும் அது தாங்கி வந்தது. நாளடைவில் கணக்குகளே அதன் உயிராயின. ஓர் ஆண்டின் பஞ்சாங்கத்தில் வினாக்கள் வெளிவரும். அவற்றுட் பல செய்யுள் வடிவில் அமைந்திருக்கும். படித்தோர் விடைகளை அஞ்சலில் விடுப்பர். அடுத்த ஆண்டின் பஞ்சாங்கத்தில் சிறந்த விடை, விடுத்தவர் பெயரோடு அச்சிடப்படும். விடைக்காக ஓராண்டு காத்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணுக. பரிசாகக் கிடைப்பதும் அப்பஞ்சாங்கத்தின் சில பிரதிகளே. எனினும், ஆசிரியரும் நில அளவையாளரும் கைத்தொழிலாளரும் பெண்டிரும் ஆண்டுதோறும் தம் விடைகளை விடுத்து வந்தனர். சிலர் தம் பெயரையும் மறைத்துப் புனைபெயரால் எழுதினர். பிரதிகள் சிலவற்றிற்காக இத்துணை உழைப்பு எவரும் மேற்கொள்ளார். விடை சரியென்று அறிவுடையார் ஒப்புக்கொள்ளும் இன்பமே அவரை ஈர்த்தது எனலாம்.

அங்ஙனம் எழுதியவருள் ஒருவர் தாமஸ் சிம்சன். 1710-இல் ஒரு நெசவாளர் மகனாகப் பிறந்த இவர், தாமும் தறியில் அமர்ந்து நெய்தவர். பல்கலைக்கழகத்து வாயிலை இவர் மிதித்தாரல்லர். இலண்டன் மாநகரில் நெசவாளர் மிக்கு வாழ்ந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதிக்கு வந்து, தறியும் கணக்குப் போதனையுமாகக் காலங்கழித்தார். 1736-ஆம் ஆண்டளவில் இவருடைய எழுத்துக்கள் மேற்கூறிய பஞ்சாங்கத்தில் வெளிவரலாயின. அடுத்த ஆண்டிலேயே நுண்கணிதத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1743-இல் ஊலிச் நகரத்து இராணுவக் கலாசாலையில் கணித ஆசிரியராக அமர்த்தப்பெற்றார். 1745-இல் இராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். வளைகோட்டின் கீழ் அமைந்த பரப்பைக் காண்பதற்குக் கணித மாணவர் இன்றும் பயிலும் விதி இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அது இவர்க்கு முன்னரே அறியப்பட்டிருந்ததாயினும், அதனைப் பலர்க்கும் பயன்படுமாறு செய்தவர் இவரே. தாம் ஏறி வந்த ஏணியை இவர் மறந்தாரல்லர். 1754 முதல் 1760 வரை அப்பஞ்சாங்கத்தின் ஆசிரியராயிருந்து, தம்மைப் போன்ற பிறர்க்கு இடந்தந்தார்.

மற்றொருவர் சார்லஸ் ஹட்டன். 1737-இல் நியூகாசில் நகரிற் பிறந்த இவருடைய குடும்பம் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தது. இவரும் இளமையில் சுரங்கத்தினுள் இறங்கிக் கரி வெட்டினார். பின்னர்ப் பள்ளியாசிரியராகி, இரவிலே தாம் கற்று, பகலிலே பிறர்க்குக் கற்பித்து வந்தார். அப்பஞ்சாங்கத்திற்கு விடைகள் எழுதி வந்தமையால், நியூகாசிலில் வாழ்ந்த ஒரு பள்ளியாசிரியரின் பெயரை இலண்டன் கணிதரும் அறியலாயினர். 1773-இல் ஊலிச் கலாசாலைப் பேராசிரியர் பதவிக்குப் போட்டித் தேர்வு நிகழ்ந்தபோது, பலரிடையே இவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்காத்லாந்திலுள்ள ஷிஹாலியன் மலையினருகே செய்யப்பட்ட அளவைகளைக் கொண்டு பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்ட பெருமையும் இவர்க்கு உண்டு. 1778-இல் இராயல் சொசைட்டி இவர்க்குக் காப்லி பதக்கம் வழங்கிற்று. இவரும் சிம்சனைப் போலவே அப்பஞ்சாங்கத்தின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1818 வரை நாற்பதாண்டுகளுக்கு மேலாக நடத்தினார். பழைய வினா–விடைகளையும் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

நெசவாளர் ஒருவரும் கரி வெட்டியவர் ஒருவரும் பேராசிரியராயினர் என்பது வியப்பே. ஆயினும், அஞ்சலில் வந்த விடையைப் பிரித்துப் பார்த்த ஆசிரியர்க்கு அவர்தம் தறியும் கரியும் தோன்றவில்லை, விடையொன்றே தோன்றிற்று. வினா–விடைப் பக்கத்தின் சிறப்பனைத்தும் இவ்வொன்றில் அடங்கும். நேர்முகத்திலே உடையும் ஊரும் பேச்சும் முந்திக்கொண்டு வந்து நம்மைப் பற்றிக் கூறிவிடுகின்றன. தாளிலோ, செய்த வேலையே முந்தி வந்து நிற்கின்றது.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச இராமானுஜனைத் தமிழர் அனைவரும் அறிவர். எனினும், அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற கதையை அறிந்தாரெல்லாம், அதற்கு முன் அவர் எவ்வாறு முதன்முதற் பெயர் பெற்றார் என்பதை அறிந்திலர். அவருடைய தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதியவர். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவர் பெற்ற உதவிச் சம்பளம் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் தேறினாரல்லர். 1909-இல் மணமும் நிகழ்ந்தது. பட்டமில்லை, வேலையில்லை, கையில் இருந்தவை கணிதக் குறிப்பேடுகளே. அக்குறிப்பேடுகளில் முடிவுகள் மலிந்திருந்தன. நிறுவல்களோ மிக அரிய. அவற்றைப் புரட்டிப் பார்த்தவர் பலர்க்கும், இவர் மேதையோ வெறும் மயக்கத்தில் உழல்பவரோ என்று துணிதல் அரிதாயிற்று. இந்நிலையை நாம் சற்று மனங்கொள்ளல் வேண்டும். திறமை இருந்தது, அதனை அளக்கும் அவை இல்லை.

அந்நாளில் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்தவர் வி. இராமசாமி ஐயர். அலுவலில் வருவாய்த் துறையினரேனும், உள்ளத்தாற் கணிதர். 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் இவரே. நாடெங்கும் சிதறிக் கிடந்த கணித அன்பர்களை ஒன்றுசேர்க்கும் பொருட்டு அச்சங்கம் ஒரு சஞ்சிகையையும் நடத்திற்று. அதில் வினா–விடைப் பகுதியொன்றும் இருந்தது. 1910-இல் இராமானுஜன் இவரை நாடிச் சென்று, தம் குறிப்பேடுகளைக் காட்டி, அலுவலகத்தில் ஒரு சிறு எழுத்தர் வேலை கேட்டார். அத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலையில் அடைத்து வைக்க இராமசாமி ஐயர்க்கு மனம் ஒருப்படவில்லை. ஆதலின் சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகமும், மாதம் 25 ரூபாய் உதவியும் கிட்டின. இவ்வுதவி பசியை ஆற்றிற்று, பெயரைத் தரவில்லை. பெயரைத் தந்தது சஞ்சிகையே.

1911-ஆம் ஆண்டில் இராமானுஜனுடைய வினாக்கள் அச்சஞ்சிகையில் வெளிவரத் தொடங்கின. அவற்றுள் 289 என்னும் எண் தாங்கிய வினா, கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சியில்லாத எமக்கும் விளங்கும் அழகுடையது. வர்க்கமூலத்தினுள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையைத் தந்து, அதன் மதிப்பு யாது என்று அவர் வினவினார். அக்கோவை இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

திங்கள் பல கழிந்தன; எவரும் விடை விடுத்திலர். முடிவில் இராமானுஜனே விடையை விடுக்க, அது 1912-இல் வெளிவந்தது. விடை 3 என்பதே. அது வந்த வழி வியக்கத்தக்க எளிமையுடையது. எந்த எண்ணின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளினும், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் அவ்வர்க்கம் வரும். 3-இன் வர்க்கம் 9. அஃது 1 + 2 × 4. இதிலுள்ள 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. இதிலுள்ள 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இவ்வாறு ஒவ்வொரு படியிலும் வரும் கடைசி எண்ணை அவிழ்த்துக்கொண்டே சென்றால், மேலே காட்டிய கோவை தானே விரியும். முடிவின்றிச் செல்வதாகலின், அதன் மதிப்பு 3-ஐயே அணுகும் என்பதற்கு இன்னும் கண்டிப்பான நிறுவல் வேண்டும். அதனைப் பின்வந்த கணிதர் நிறைவு செய்தனர். ஆயினும், பள்ளிச் சிறுவனும் பின்பற்றத்தக்க ஒரு சிறு உண்மையினின்று யாவரையும் திகைப்பிக்கும் வினாவொன்றை எழுப்பினாரே, அவ்விடத்துத்தான் அவர் பெயர் வேரூன்றிற்று.

1911-ஆம் ஆண்டிலேயே பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரையும் அச்சஞ்சிகையில் வெளிவந்தது. அஃது எளிதில் வெளிவந்ததன்று. சஞ்சிகையின் ஆசிரியராகிய நாராயண ஐயங்கார் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். இராமானுஜனுடைய முறைகள் புதியவை; எழுத்தோ மிகச் சுருங்கியது; இடைப்படிகள் பல விடுபட்டிருந்தன. சாதாரணக் கணித வாசகர் அதனைத் தொடர்ந்து செல்லுதல் இயலாது என்று கண்ட ஆசிரியர், கட்டுரையைத் திருத்தத்திற்காகத் திருப்பி விடுத்தார். மீண்டும் மீண்டும் திருந்திய பின்னரே அஃது அச்சேறிற்று.

இச்செய்தி எம்மைப் பெரிதும் தொட்டது. அதற்குக் காரணமும் உண்டு. சென்ற ஆண்டு யாம் எழுதிய கட்டுரையொன்றை எம் ஆசிரியர் ஒருவர் திருப்பித் தந்தார். அதன் ஓரத்தே மூன்றிடங்களில் ‘சான்று யாது?’ என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். அன்று எமக்கு எழுந்தது நன்றியன்று, சினமே. எமது நடையின் நயத்தைப் பாராட்டாமல் சான்றைக் கேட்கின்றாரே என்று நண்பரிடம் முறையிட்டோம். பின்னர் நூல்நிலையம் சென்று தேடியபோது, அம்மூன்றனுள் இரண்டு எமது நினைவுப் பிழை என்பதும், மூன்றாவது யாரோ சொல்லக் கேட்டது என்பதும் வெளியாயின. அக்கட்டுரை அப்படியே அச்சேறியிருப்பின், எம் பெயர் எம் பிழைகளோடு சேர்ந்து இக்கல்லூரி நூல்நிலையத்தில் என்றும் நின்றிருக்கும். திருப்பித் தரும் கை நமக்குப் பகையன்று என்பதை யாம் அன்று கற்றோம். இராமானுஜனே பன்முறை திருத்தினார் என்றால், எம்மனோர் திருத்துதற்கு நாணுவது எற்றுக்கு?

சஞ்சிகையில் ஈட்டிய பெயர் அவர்க்கு யாது பயன் தந்தது என்று சிலர் வினவலாம். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவர் சென்னைத் துறைமுக டிரஸ்ட் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கு மேலலுவலராயிருந்த நாராயண ஐயர் கணிதச் சங்கத்தோடு தொடர்புடையவர். இராமானுஜனின் தகுதியை உணர்ந்தவர். தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர்பால் அன்பு காட்டினார். இங்ஙனம் தம் ஊரிலேயே ‘இவர் வெறுங் கனவு காண்பவரல்லர்’ என்று சான்று பகரும் ஒரு சிறு கூட்டம் உண்டாயிற்று. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் விடுத்த கடிதம் இவ்வலுவலகத்தில் இருந்தபோது எழுதியதே. அதற்கு முன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவர்க்கு எழுதியும் பயன் விளையவில்லை. ஹார்டியும் முதலில் ஐயுற்றார்; பின் தம் நண்பர் லிட்டில்வுட்டோடு இருந்து ஆராய்ந்து, எழுதியவர் முதற்றரக் கணிதர் என்று துணிந்தார். துணிந்த பின் ஹார்டி கேட்டதும் நிறுவல்களையே. நாராயண ஐயங்கார் பெங்களூரிலிருந்து கேட்டதனையே ஹார்டி கேம்பிரிட்ஜிலிருந்து கேட்டார் என்பது நோக்கத்தக்கது.

அவ்வாண்டு மே திங்களில், பட்டமில்லாத அவ்விளைஞர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கிற்று. 1914-இல் அவர் கப்பலேறினார்; 1918-இல் இராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார்; 1919-இல் நோயோடு தாயகம் திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வயது 32. உலகப் புகழ் எய்திய பின்னரும், இங்கிலாந்திலிருந்தபடியே அவர் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகைக்கு வினாக்கள் விடுத்து வந்தமை நினைவிற் கொள்ளத் தக்கது. சிம்சனும் ஹட்டனும் தம் பஞ்சாங்கத்தை மறவாதது போலவே இவரும் தம் முதலவையை மறந்திலர். அவர் விடுத்த வினாக்கள் மொத்தம் ஐம்பதுக்கு மேற்பட்டன.

அவற்றுள் இரண்டனைக் கூறுதல் நல்ல வினாவின் ஆயுளைக் காட்டும். 1913-இல் வெளிவந்த ஒரு வினா இது. இரண்டை இரண்டாற் பல முறை பெருக்கி வரும் எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால், சில இடங்களில் முழு வர்க்கம் எஞ்சுகின்றது. எட்டில் ஏழு போக 1. பதினாறில் ஏழு போக 9. முப்பத்திரண்டில் ஏழு போக 25. நூற்றிருபத்தெட்டில் ஏழு போக 121. 32,768-இல் ஏழு போக 32,761, அஃது 181-இன் வர்க்கம். இவை தவிர வேறு உளவோ என்பது வினா. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1948-இல், நார்வே நாட்டிற் பிறந்த நாகெல் என்னும் கணிதர் வேறில்லை என்று நிறுவினார். இன்று அச்சமன்பாடு இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றது. ஒருவரையொருவர் கண்டறியாத இருவரை ஒரு நல்ல வினா பிணைத்துவிட்டது.

மற்றொன்றும் 1913-ஐச் சார்ந்ததே. ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்கி, ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வருவது எப்போது? நான்கு வரை பெருக்கினால் 24, ஒன்று கூட்ட 25. ஐந்து வரை பெருக்கினால் 120, ஒன்று கூட்ட 121. ஏழு வரை பெருக்கினால் 5,040, ஒன்று கூட்ட 5,041, அஃது 71-இன் வர்க்கம். வேறு உளவோ? பிரெஞ்சுக் கணிதர் பிரோகார் 1876-இலேயே இதனை வினவியிருந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும், விரைந்து கணக்கிடும் பொறிகள் பல தோன்றியும், இன்றளவும் இதற்கு முடிந்த விடை இல்லை. ஆகவே, விடை கூறுவோர் மட்டுமே புகழுக்குரியர் என்று எண்ணற்க. தான் அறியாததைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவரும் அவைக்கு அணியாவர்.

இம்மூவர் வரலாற்றினின்றும் யாம் தெளிந்தவற்றை இனித் தொகுத்துக் கூறுவாம். முதலாவது, பிறர்க்குப் பயன்படுமாறு எழுதுதல். வினாவுக்கு விடை கூறுபவர் தம் அறிவைக் காட்டுதற்கன்று, வினவினாருடைய இடர் தீர்த்தற்கே எழுதுகின்றார். அவ்வுள்ளம் இல்லாத விடை எத்துணை நீண்டதாயினும் படிப்போரைக் கவராது. இரண்டாவது, காரணங் காட்டுதல். ‘யாம் அறிவோம், நம்புக’ என்பது அவையிற் செல்லாது. படிப்போர் தாமே அடியெடுத்து நடந்து, அதே முடிவை அடையுமாறு வழி காட்டுதல் வேண்டும். மூன்றாவது, திருத்தத்திற்கு உடன்படுதல். நான்காவது, இடைவிடாமை. ஒரு விடையால் ஒருவர் பெயர் தெரியும். பல ஆண்டு விடைகளால் அப்பெயர்மேல் நம்பிக்கை பிறக்கும். நற்பெயர் என்பது, ‘இவர் எழுதியதாயின் படிக்கத் தகும்’ என்று பிறர் மனத்தில் விளைந்த நம்பிக்கையேயன்றி வேறன்று. அதனை விலைகொடுத்து வாங்குதலும் இயலாது, இரந்து பெறுதலும் இயலாது.

இதற்கு ஒரு தடை எழும். நன்றாக எழுதியவரெல்லாம் நற்பெயர் பெற்றனரோ? இல்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ‘லேடீஸ் டயரி’யிற் புனைபெயரால் விடை விடுத்தவருட் பலர் இன்னாரென்று இன்று அறிதற்கில்லை. நெசவாளர் பேராசிரியரானார், ஆனால் அப்பஞ்சாங்கத்திற்கு எழுதிய பெண்டிர்க்கு ஊலிச் கலாசாலைக் கதவு திறந்ததில்லை. இராமானுஜனும், தம் குறிப்பேட்டைப் பொறுமையோடு புரட்டிய ஒரு டிப்டி கலெக்டரும், கட்டுரையைக் கிழித்தெறியாமல் திருப்பி விடுத்த ஓர் ஆசிரியரும் வாய்த்திராவிடின் என்னாகியிருப்பார்? ஆகையால் நல்லெழுத்து மட்டும் போதாது. அதனை வாங்கிப் படித்து, அறியாதவரையும் மதித்து, குறையைச் சுட்டித் திருத்தும் அவையும் வேண்டும். அவ்வவையை நடத்துவோர் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. இராமானுஜனை அறிந்த ஆயிரவருள் நாராயண ஐயங்காரை அறிந்தவர் எத்தனை பேர்? எனினும், ஒருவருடைய புகழ்க்கு மற்றொருவருடைய பொறுமையே அடித்தளமாதல் காண்க.

எழுதியதை நொடிப்பொழுதில் ஊரெங்கும் பரப்பும் வசதி வாய்ந்த இந்நாளில், ஓராண்டு காத்திருந்து விடை கண்ட அக்காலத்தாரை எண்ணுங்கால் எமக்கு நாணமே உண்டாகின்றது. விரைவு வந்துள்ளது; ஆனால், நம்பிக்கை பிறக்கும் காலம் குறைந்ததாகத் தெரியவில்லை. அஃது இன்றும் ஒவ்வொரு நல்ல விடையாக, ஒவ்வொரு நல்ல வினாவாகவே சேர்கின்றது.

ஆதலின், உடன் பயிலும் நண்பர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மன்றம் உண்டு. ஒவ்வொரு மன்றத்திற்கும் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அப்பலகைகள் கூட்ட அறிவிப்புக்களைத் தாங்குவதோடு அமையாமல், திங்கள்தோறும் ஒரு வினாவையும், சென்ற திங்கள் வினாவிற்குரிய சிறந்த விடையையும் தாங்குமாயின் எத்துணை நன்றாகும்! தமிழ் மாணவர் ஒரு பாடலின் பாடபேதத்தைப் பற்றி வினவலாம். தாவரநூல் மாணவர் கல்லூரித் தோட்டத்து மரமொன்றைப் பற்றி வினவலாம். முதலாண்டு மாணவரும் பேராசிரியரும் ஒரே பலகையின்கீழ் நிற்பர். ஆசிரியப் பெருமக்கள் திருத்தும் பணியை ஏற்பாராக; பழைய மாணவர் தொலைவிலிருந்து விடை விடுப்பாராக. முதல் வினாவை விடுக்க யாமே முன்வருகின்றோம். அதன் ஓரத்தில் ‘சான்று யாது?’ என்று எவரேனும் சிவப்பு மையால் எழுதுவாராயின், இம்முறை யாம் சினவோம்; நூல்நிலையம் நோக்கி நடப்போம்.